பீப்பாய் மேல் உட்கார்ந்த பெண்கள்

ஹார்ன்பி துறை, ஏரிக்கரை
மார்ச் 20, 1843

அன்பு மருமகள் டேசிக்கு எலியாசர் மாமா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நானும் உன் ஃபிலீனா அத்தையும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி. எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு எப்போது என்ன வந்திருக்கிறது? உன் அம்மாவின் இருமல் நின்றதா என்று எழுது.

ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. போன வாரம் ஒரு பாய்க்கப்பல் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டது. ஊரே கையைப் பிசைந்து நிற்க, நான் ஒருவனாகவே அதைக் கயிறு கட்டி இழுத்துவிட்டேன். இரண்டு எருதுகள் கூட இருந்தன. ஆனால் அவை சும்மா வேடிக்கை பார்த்தன என்றே சொல்ல வேண்டும்.

நீ ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து நின்று அடிமைமுறைக்கு எதிராகப் பேசினாய் என்று கம்பளி வியாபாரி சொன்னான். பெக்கின் சாராயக்கடையில் அன்று முழுக்க அதே பேச்சு. நான்தான் பேசினேன்.

"உங்க வீட்டுப் பொண்ணா? ஆம்பளைங்க முன்னாடியா?" என்றான் பெக்.

"ஆமாடா. மூவாயிரம் பேர். அவங்க அழுத அழுகையில பெஞ்செல்லாம் மிதந்துச்சு."

"எலியாசரு சொன்னா பத்தால வகுத்துக்கணும்டா," என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். பொறாமை.

உங்கள் குவேக்கர் நண்பர்கள் சபை இருபது வருஷத்துக்கு முன் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டது. மெதடிஸ்ட் பெண்ணைக் கட்டியது ஒரு குற்றம். உள்ளதை உள்ளபடி சொல்லும் பழக்கம் இல்லாதவன் என்பது இன்னொன்று. ஒரு மீனின் நீளத்தில் கொஞ்சம் முன்னே பின்னே சொன்னதற்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம். எனக்குக் கோபம் இல்லை. உன் காரியத்துக்கு ஓர் ஆண்பிள்ளை தேவைப்பட்டால் மாமா இருக்கிறேன் என்பதை மட்டும் நினைவில் வை.

இப்படிக்கு, இந்த ஏரிக்கரையிலேயே சிறந்த பீப்பாய்த் தச்சன்,
எலியாசர் ஸ்டோக்ஸ்


ஃபேர்ஹோப்
மூன்றாம் மாதம் 29-ஆம் நாள்

பிரியமுள்ள மாமாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. அத்தை முழங்காலில் சூடான உப்பு மூட்டை வைத்துப் பார்க்கட்டும்.

மூவாயிரம் பேர் இல்லை. சின்னக் கூடம், அதுவும் பாதிதான் நிறைந்தது. இரண்டு பேர் தூங்கினார்கள். பேசி முடித்ததும் ஆண்கள் சங்கத்தின் தலைவர் ஹோசியா பைல் எழுந்து, பெண்கள் தையல் வேலை செய்து சந்தையில் விற்று நிதி சேர்த்தால் போதும், தீர்மானங்களைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்றார். எங்களுக்கு அங்கே ஓட்டு இல்லை. எல்லா மனிதரும் ஆண்டவருக்கு முன் சமம் என்று எழுதிய துணிக்குக் கீழே நின்றுதான் இதைச் சொன்னார். அந்தத் துணியைத் தைத்தது நாங்கள்.

உன் பட்டறைக்கு மேலே ஒரு சின்ன அறை உண்டே, அது காலியாக இருக்கிறதா? ஏரியில் பனி எப்போது உடையும்? ஒரே ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் இருக்க உன்னால் முடியுமா?

வேறொன்றும் எழுதுவதற்கில்லை. உங்கள் இருவரையும் ஜெபத்தில் நினைக்கும்,
டேசி


ஹார்ன்பி துறை
ஏப்ரல் 6

மருமகளே,

உப்பு மூட்டை வேலை செய்தது. அத்தை மாடிப்படியைத் தாவி ஏறுகிறாள். சரி, ஏறுகிறாள். மார்ச், ஏப்ரல் என்று எழுதினால் உங்கள் சபையாருக்கு நாக்கு வெந்துவிடுமா என்ன? மூன்றாம் மாதமாம்.

பனி உடைய ஆரம்பித்துவிட்டது. பீரங்கி வெடிப்பது போலச் சத்தம். முதல் வெடிப்பு என் காலடியில்தான் விட்டது.

நீ கேட்டது எனக்குப் புரிந்துவிட்டது. தெற்கிலிருந்து தப்பி வந்த ஒருவரை இங்கே ஒளித்து வைத்து, ஏரி தாண்டி, அடிமைமுறை இல்லாத கனடாவில் இறக்க வேண்டும். அவ்வளவுதானே? இதற்கா இத்தனை சுற்றி வளைத்து எழுதினாய்? அறை காலி. அத்தை அழுக்குப் போகக் கழுவி, கம்பளி விரித்துவிட்டாள். கப்பல்காரன் ஆர்ச்சிபால்டு ஸ்காட்லாந்துக்காரன். அடிமை வைப்பவன் எவனையும் அவனுக்குப் பிடிக்காது. மீன் பீப்பாய் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குத்தான் போகிறான்; ஒன்றில் மீனுக்குப் பதில் ஆள் இருந்தால் போயிற்று.

ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. நேற்றுக்கூடக் கடையில் எல்லாரிடமும் அதைத்தான் சொன்னேன்.

தைரியத்தோடு காத்திருக்கும்,
எலியாசர் மாமா


ஃபேர்ஹோப்
நான்காம் மாதம் 14-ஆம் நாள்

பிரியமுள்ள மாமாவுக்கு,

அம்மா நலம். அத்தைக்கு என் முத்தங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு.

அவள் பெயர் ஜூடித். அவளுடைய மகளைப் போன இலையுதிர் காலத்தில் வேறொரு குடும்பத்தோடு அக்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் பின்தங்கிவிட்டாள். அவளைத் தேடி, தப்பிய அடிமைகளைக் காசுக்குப் பிடித்துக் கொடுக்கும் கிரிஸம் என்ற ஆள்பிடிக்கிறவனும் அவன் கூட்டாளியும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

உன்னிடம் அனுப்பலாம் என்று நாங்கள் சொன்னபோது ஆண்கள் சங்கம் மறுத்தது. "எலியாசரோட வாய் கோயில் மணி மாதிரி, ஊருக்கே கேக்கும்" என்றார் ஹோசியா பைல். அவரைக் குறை சொல்ல மாட்டேன். போன குளிர்காலத்தில் அவருடைய வைக்கோல் கொட்டகையில் ஒருவரை ஒளித்து வைத்திருந்தார். ஆள்பிடிக்கிறவர்கள் வந்து, "இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்கள். நம் சபையில் யாரும் பொய் சொல்வதில்லை, மாமா. அவராலும் முடியவில்லை. பேசாமல் நின்றார். ஆனால் கண் கொட்டகைப் பக்கம் போய்விட்டது. அந்த மனிதரை விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஹோசியா ஒரு ரொட்டியை முழுதாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

அதனால் தையல் கூடத்தில் பெண்கள் நாங்களே முடிவு செய்தோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இதற்கு எங்களைப் போல அல்லாத ஒருவர் வேண்டும் என்று தோன்றியது. கம்பளி வண்டியில் அவள் வருவாள். இது தவறிப்போனால் ஜூடித் மறுபடியும் விலங்குக்குப் போவாள். அவள் மகள் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பெண்களிடம் இனி யாரும் எதையும் ஒப்படைக்கவும் மாட்டார்கள்.

ஆண்டவர் உன் வாயைக் காப்பாராக.
டேசி


ஹார்ன்பி துறை
ஏப்ரல் 27

என் தங்க மருமகளே,

நாங்கள் சுகம், சுகம், சுகம். உன் கடிதத்தை அடுப்பில் போட்டாயிற்று. போடுவதற்கு முன் அத்தையிடம் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். எங்களைப் போல அல்லாத ஒருவர் என்று எழுதினாயே, அந்த இடத்தில் மட்டும் மூன்று தரம். வீரம் எங்கே இருக்கிறதென்று பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூடித் வந்து சேர்ந்தாள். கம்பளி மூட்டைக்குள்ளிருந்து இறங்கி, மேலெல்லாம் ஒட்டியிருந்த ரோமத்தைத் தட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சகோதரரே, டேசி எல்லாம் சொன்னாங்க. நீங்க நல்லாப் பொய் சொல்வீங்களாமே?"

"யாரு, நானா?"

"எனக்காக ஒரு பொய்யும் வேணாம்."

நானோ ஒரு வாரமாக யோசித்து எட்டுப் பொய் தயாராக வைத்திருந்தேன். அதில் ஒன்றில் இங்கிலாந்து மகாராணியின் சமையல்காரிகூட வருகிறாள்.

"என்னை அடிமையா வச்சிருந்தவங்க ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போவாங்க," என்றாள். "நான் அவங்களுக்குச் சொந்தம்னு ஆண்டவரே சொன்னதாச் சொல்வாங்க. அந்தப் பொய்யிலதான் நான் வளந்தேன். இன்னொரு பொய்யப் புடிச்சிக்கிட்டு அக்கரைக்குப் போக மாட்டேன். எம் பொண்ணு மூஞ்சிய மனசு சுத்தமாப் பாக்கணும்."

"அப்ப பீப்பாய்க்குள்ள ஒளியிறது?" என்றாள் உன் அத்தை.

"ஒளியிறது பொய்யில்லம்மா. மான் ஒளியுது, முயல் ஒளியுது. அதுங்க யார ஏமாத்துச்சு?"

"யாராவது கேட்டா நான் என்னதான் சொல்றது?" என்றேன்.

"அது உங்களுக்கும் ஆண்டவருக்கும்," என்று சொல்லிவிட்டு, அத்தை கையிலிருந்த சோளக்கஞ்சியை வாங்கிக் குடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அத்தைக்கு அவளை அப்படியே பிடித்துப்போய்விட்டது. என்னோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள் அல்லவா.

இப்போது கேள். நேற்று ஜூடித்தைப் பட்டறையில் பீப்பாய்க்குள் ஒளித்துவிட்டு பெக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், கிரிஸம் உள்ளே வருகிறான். நெற்றியில் தழும்புள்ள கறுப்புப் பெண்ணை யாராவது பார்த்தீர்களா என்று வரிசையாக ஒவ்வொருவனையும் கேட்டுக்கொண்டே வந்தான். என் முறை வந்தது. தனக்காகப் பொய் வேண்டாம் என்று ஜூடித் கேட்டிருக்கிறாள். எட்டுப் பொய்யும் தொண்டையில் வரிசை கட்டி நிற்கிறது.

"எங்கிட்டத்தான் இருக்கா," என்றேன். "என் பட்டறையில. பீப்பாய்க்குள்ள."

பெக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஒருத்திதானா? நாப்பது பேர் இல்ல?"

"ஒருத்திதான்."

"என்ன எலியாசரு, உடம்பு சரியில்லையா? ஒண்ணோட நிறுத்திட்ட?"

"யாருய்யா இந்த ஆளு?" என்றான் கிரிஸம்.

"இவரா? பனியில மாட்டின கப்பலத் தனியா இழுத்தவரு. எருதுங்க வேடிக்கை பாத்துச்சாம்."

கிரிஸம் துப்பிவிட்டுப் போய்விட்டான். மருமகளே, உள்ளதைச் சொல்லி ஒருவனும் நம்பாமல் போவது எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா? இதையெல்லாம் நான் திட்டமிட்டே செய்தேன்.

காற்று மட்டும் எதிராக வீசுகிறது. அது திரும்பியதும் ஆர்ச்சிபால்டு பாய் விரிப்பான்.

வெற்றியோடு,
எலியாசர் மாமா


ஃபேர்ஹோப்
ஐந்தாம் மாதம் 6-ஆம் நாள்

மாமா,

நீ சுகமா, அத்தை சுகமா, மூவரும் சுகமா? கடையில் அப்படிச் சொன்னது உண்மையா, இல்லை கதையா? கதை என்று ஒரு வரி எழுது. உன் கதை ஒன்றுக்காக நான் ஏங்குவது இதுதான் முதல் தடவை.

டேசி


ஃபேர்ஹோப்
ஐந்தாம் மாதம் 25-ஆம் நாள்

மாமா,

பதில் வரவில்லை. காற்று திரும்பிப் பல நாள் ஆகிறது. இங்கே மரங்களைப் பார்த்தாலே தெரிகிறது. கிரிஸம் ஹார்ன்பி துறைக்கு மறுபடியும் போனான் என்று கம்பளி வியாபாரி சொல்கிறான். ஹோசியா பைல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் போகிறார். என்ன நடந்திருந்தாலும் எழுது. தையல் கூடத்தில் ஊசி மட்டும் ஓடுகிறது.

ஜெபத்தோடு,
டேசி


ஹார்ன்பி துறை
ஜூன் 6

அன்பு மருமகளுக்கு மாமா சொல்ல, அத்தை எழுதுவது.

நாங்கள் இருவரும் பரம சுகம். (சுகம்தான். அவர் சாப்பிடுகிறார். - ஃபிலீனா) என் வலது கையை ஒரு ஸ்டர்ஜன் மீன் கடித்துவிட்டது. ஆறடி மீன். அதனால்தான் தாமதம். (கையைப் பற்றி நான் எதுவும் சேர்க்கக் கூடாதாம். சேர்க்கவில்லை.)

முதலில் செய்தி: ஜூடித் அக்கரை சேர்ந்துவிட்டாள். போ, போய் உன் தையல்காரிகளிடம் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

சொல்லிவிட்டாயா? சரி. காற்று திரும்பப்போகும் நாள். விடிந்ததும் ஜூடித்தைப் பீப்பாய்க்குள் உட்கார வைத்து மூடினேன். தக்கை ஓட்டை வழியாகக் காற்று வரும். மற்ற ஏழிலும் உப்பு மீன். அந்த நேரம் பார்த்து கிரிஸமும் கூட்டாளியும் கோடரியோடு பட்டறைக்குள் நுழைந்தார்கள். நான் சொன்னது உண்மையாக இருந்தாலும் இருக்கும் என்று யாரோ ஒரு படுபாவிக்குத் தோன்றிவிட்டது. என் வாழ்க்கையில் என்னை நம்பிய முதல் ஆள் அவன்தான்.

அவர்கள் ஏதோ கேட்டார்கள். நான் ஏதோ செய்தேன். அதை விடு. பிறகு நாற்பது பெண்களுக்கு நான் கட்டளையிட்டேன். (என்னோடு சேர்த்து எட்டுப் பேர். கட்டளை யாரும் இடவில்லை. சத்தம் கேட்டு நான் பின்வாசல் வழியாக ஓடினேன். மெதடிஸ்ட் பெண்கள் ஜெபக்கூட்டம் எதிர் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. "ஜெபத்த இங்க முடிச்சிக்கலாம், எல்லாரும் பின்னலை எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன். வந்தார்கள்.)

மருமகளே, நீ பார்த்திருக்க வேண்டும். எட்டுப் பேரும் குல்லாய் கட்டி, பின்னலோடு நேராக உள்ளே வந்து, ஆளுக்கு ஒரு பீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"எந்திரிங்கம்மா," என்றான் கிரிஸம்.

"எதுக்கு?" என்றாள் டட்டில் கிழவி.

"பீப்பாய்க்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

"மேல நாங்க இருக்கோம், அதப் பாருங்க. என்னைத் தூக்கணும்னா தூக்கிக்கங்க தம்பி. எம் புருசன் கல்யாணத்தன்னைக்கு ஒரு தடவை முயற்சி பண்ணாரு. இன்னும் இடுப்புல கட்டுப் போட்டிருக்காரு."

"இது சட்டம்மா."

"அந்தச் சட்டத்துக்கு எங்கள்ல யாரு ஓட்டுப் போட்டா? நீ போட்டியா, கிளாரிஸா?"

"எங்கிட்ட யாரும் கேக்கல," என்றாள் அடுத்த பீப்பாய்க்காரி, நூலை இழுத்துக்கொண்டே.

கோடரியோடு நின்ற இரண்டு பேருக்கும் கண்ணியமான வீட்டுப் பெண்கள் மேல் கை வைக்கத் தைரியம் வரவில்லை. வாசலில் ஊரே கூடிவிட்டது. பெக் கடையை மூடிவிட்டு வந்தான். பெண்கள் பாட்டுப் பாடினார்கள், காலுறை பின்னினார்கள், கிரிஸத்தின் ஆத்துமாவுக்காகப் பேர் சொல்லி ஜெபித்தார்கள். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நடுப்பகலில் ஆர்ச்சிபால்டின் மணி அடித்தது. எட்டுப் பேரும் ஒன்றாக எழுந்து, ஆளுக்கொரு பீப்பாயைச் சாய்த்துத் துறைக்கு உருட்ட ஆரம்பித்தார்கள். (ஜூடித்தை நான் உருட்டினேன். "மெதுவா, அம்மா" என்று உள்ளேயிருந்து கேட்டது.) எதைத் துரத்துவது? டட்டில் கிழவி வேண்டுமென்றே திருட்டு முழி முழித்துக்கொண்டு வேகமாக உருட்டினாள். இருவரும் அவள் பின்னால் ஓடி, பீப்பாயைப் பிளந்தார்கள். உப்புத் தண்ணீரும் ஏரி மீனும் கிரிஸத்தின் பூட்சு நிறைய. அதற்குள் ஏழு பீப்பாய் கப்பலில்.

பாய் விரிந்தபோது எழுந்த கூச்சல் உங்கள் ஊருக்குக் கேட்டிருக்கும். கேட்கவில்லை என்றால் காற்று எதிராக இருந்திருக்கும்.

இடது கையால் கையெழுத்துப் போடும்,
எலியாசர் மாமா


அக்கரையிலிருந்து
ஜூலை 11

சகோதரி டேசிக்கு ஜூடித் சொல்ல, பள்ளிக்கூட ஆசிரியை எழுதுவது.

நானும் என் மகளும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறோம். அவள் வளர்ந்துவிட்டாள். கரையில் நின்றவளை முதலில் நான் வேறு யாரோ என்று நினைத்தேன். அவளுக்கு என்னைத் தெரிந்தது.

எலியாசர் சகோதரர் உங்களுக்கு எல்லாம் எழுதியிருப்பார். இதை எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தக்கை ஓட்டை வழியாக நான் பார்த்தேன்.

பெண்கள் வருவதற்கு முன் அவர்கள் அவருடைய கையைப் பிடித்து, அவர் பலகை செதுக்கும் கட்டை மேல் வைத்தார்கள். அவர் பீப்பாய் தட்டும் மரச்சுத்தியை, அந்தக் கொட்டாப்புளியையே எடுத்தார்கள். "எந்தப் பீப்பாய்?" என்று கேட்டு அடித்தார்கள். மறுபடியும் கேட்டார்கள். அவர் பேச வாயைத் திறந்தார். அவர் எப்போதும் கதை ஆரம்பிப்பாரே, அப்படி. ஒரு பொய் சொல்லியிருந்தால் கை தப்பியிருக்கும். மாடியைக் காட்டியிருந்தால் போதும். அவர் வாயை மூடிக்கொண்டார். எந்தப் பக்கமும் பார்வை போகாமல் கண்ணையும் மூடிக்கொண்டார். உங்கள் சபையில் ஜெபத்துக்கு உட்கார்வீர்களே, அப்படியே இருந்தார். முனகல்கூட இல்லை. மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வர நான் கையை உயர்த்திவிட்டேன். அப்போதுதான் ஃபிலீனா அம்மாவின் குரல் கேட்டது.

எனக்காகப் பொய் வேண்டாம் என்று கேட்டது நான்தான். அவ்வளவு பெரிய விலை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் மகளின் முகத்தைச் சுத்தமாகப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஜூடித்

(இந்தப் பெயரை மட்டும் நானே எழுதினேன்.)


ஃபேர்ஹோப்
எட்டாம் மாதம் 9-ஆம் நாள்

பிரியமுள்ள என் மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா இருமாமல் தூங்குகிறாள். உன் கை எப்படி இருக்கிறது? மீன்களிடம் இனி ஜாக்கிரதையாக இரு.

ஜூடித் மகளோடு இருக்கிறாள் என்று கடிதம் வந்தது. மகளின் முகத்தைச் சுத்தமாகப் பார்த்ததாக உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

நேற்று சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பெண்கள் முப்பது பேர் போய்ப் பின்வரிசையில் உட்காராமல் நடுவில் உட்கார்ந்தோம். தீர்மானம் வந்தபோது நாங்களும் கை தூக்கினோம். "பெண்கள் கையை இறக்கலாம்," என்றார் ஒருவர். யாரும் இறக்கவில்லை. "அடிமை உடம்புல பூட்டின விலங்கப் பத்தி இவ்வளவு பேசறீங்களே, எங்க கையில என்ன இருக்குன்னு பாத்தீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையதுதான்.

அப்போது ஹோசியா பைல் எழுந்தார். ஜூடித்தின் கடிதத்தை முந்தின நாள்தான் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். "எண்ணுங்க," என்றார். "எல்லாக் கையையும் எண்ணுங்க." எண்ணினார்கள். பெஞ்சு மிதக்கவில்லை, ஆனால் நீ இருந்திருந்தால் மிதந்ததாகவே சொல்லியிருப்பாய், நான் மறுத்திருக்க மாட்டேன்.

சபையார் உன்னை மறுபடியும் கூடுகைக்கு அழைக்கிறார்கள். ஹோசியா தன் பக்கத்து இடத்தைக் காட்டினார். அத்தையையும் கூட்டிக்கொண்டு வா.

அன்போடு,
டேசி


ஹார்ன்பி துறை
ஆகஸ்டு 21

என் ராஜாத்தி டேசிக்கு,

இது மாமாவின் இடது கை எழுத்து. வலது கையைவிட அழகாக இருக்கிறதென்று போஸ்ட் மாஸ்டரே சொன்னார். நாங்கள் சுகம். மூன்று விரல் மடங்கும், இரண்டு மடங்காது. அதனால் என்ன, கொட்டாப்புளி பிடிக்க இந்தக் கை பழகிவிட்டது. அந்த ஸ்டர்ஜன் ஒன்பதடி என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஜூடித் சொன்னதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது. பட்டறையில் எப்போதும் மரத்தூள்.

உங்கள் கூட்டத்தை பெக் கடையில் விவரமாகச் சொன்னேன். முப்பதாயிரம் பெண்கள் கை தூக்கியதில் கூரை பெயர்ந்தது என்றேன். பெக் பத்தால் வகுக்கவில்லை. "இருக்கும்டா," என்றான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கடைக்கு இனி முன்னைப் போலப் போக முடியுமா தெரியவில்லை.

அடுத்த மாதம் அத்தையோடு வருகிறேன். ஹோசியாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வை: பக்கத்தில் உட்கார்கிறேன், ஆனால் உங்கள் சபையில் மணிக்கணக்காக ஊமை மாதிரி இருப்பீர்களே, அது என்னால் ஆகாது. என் ஆயுளில் ஒரு தடவைகூட நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததே கிடையாது.

இப்படிக்கு,
உன் மாமா எலியாசர்